கஞ்சாவை மருந்தாக எடுத்துக்கொள்பவர்கள் யாராவது இங்கே உண்டா? அது உண்மையிலேயே நோயைக் குணப்படுத்துமா?

நான் எடுத்துக்கொள்கிறேன், சில வருடங்களாக. என் நோய் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரவில் நித்திரை வருகிறது. அதற்காகவே நிறுத்தாமல் வைத்திருக்கிறேன்.

இருப்பது கனடாவில், ஸ்காபுரோவில். எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். நரம்பைச் சுற்றியிருக்கும் உறையை நம்முடைய நோய் எதிர்ப்புச் சக்தியே தாக்கிச் சிதைக்கிற வியாதி. கனடாவில் இது நிறையப் பேருக்கு உண்டு, நம் சனத்திடம் குறைவு. அதனால் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது கால்களைப் பிடித்திருக்கிறது. பகலில் எப்படியோ நடந்துவிடுவேன். இரவு படுத்ததும் கெண்டைக்கால் தானாக இறுகும், முழங்கால் மடங்க மறுக்கும், திடீரென்று ஒரு உதை. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியின் நித்திரையும் அதோடு போய்விடும். பக்லோபென் குளிசை தந்தார்கள். இறுக்கம் குறைந்தது, கூடவே பலமும் குறைந்தது. காலையில் எழும்பினால் கால் ஈரத்துணி மாதிரித் துவளும். கூட்டினால் நடக்க முடியவில்லை, குறைத்தால் படுக்க முடியவில்லை. அப்போதுதான் நரம்பியல் டொக்டர் கஞ்சா எண்ணெய் பற்றிப் பேச்செடுத்தார்.

இங்கே மருத்துவத் தேவைக்கு 2001 இலிருந்தே சட்டம் இடம் கொடுக்கிறது. வலிப்பு நோயாளி ஒருவருடைய வழக்கில் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000 இல் கொடுத்த தீர்ப்புதான் அதற்கு வழி திறந்தது. 2018 அக்டோபர் 17 இலிருந்து நோய் இல்லாத பெரியவர்களும் கடையில் வாங்கலாம். 'அப்படியென்றால் டொக்டர் கடிதம் எதற்கு?' என்று கேட்பார்கள். என்னுடைய மற்ற மருந்துகளோடு சேர்த்து ஒருவர் கண்காணிக்க வேண்டும் என்பதற்காக. உரிமம் பெற்ற நிறுவனத்திலிருந்து தபாலில் வருகிறது. என் காப்புறுதி ஒரு சதமும் தராது. மருந்துச்சீட்டில் வாங்கும் குளிசைக்கு விற்பனை வரி கிடையாது, இதற்கு உண்டு. அதற்கு மேல் கலால் வரியும். மருந்து என்று சொல்லிக்கொண்டே சாராயத்துக்குப் போடுவது போல் வரி போடுகிறார்கள்.

புகை, பைப் என்று கற்பனை செய்யாதீர்கள். இருமல் மருந்துப் போத்தல் அளவில் ஒரு சின்னப் போத்தல், ஊசி இல்லாத ஒரு சிரிஞ்ச், அவ்வளவுதான். கஞ்சாவில் இருக்கும் இரண்டு முக்கியப் பொருட்களான டி.எச்.சி, சி.பி.டி ஒரு மில்லிலீட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று லேபிளில் இருக்கும். டி.எச்.சி தான் போதை தருவது. சி.பி.டி தராது. 2.5 மில்லிகிராம் டி.எச்.சியில் தொடங்கி, நாள்கணக்கில் பொறுத்துப் பொறுத்து ஏற்றினோம். போத்தலின் மூடி பிள்ளைகள் திறக்க முடியாதபடி அழுத்திக்கொண்டே திருக வேண்டியது. என் விரல்களும் மரத்துப்போகிற நாட்களில் எனக்கும் திறக்காது, மனைவிதான் திறந்து தருவா. வாயில் விட்டால் புல்லைக் கசக்கிய மாதிரி ஒரு கசப்பு நெடுநேரம் நிற்கும். விழுங்கிய எண்ணெய் வேலை செய்யத் தொடங்க ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். பொறுமையில்லாமல் இன்னொரு தரம் ஊற்றிக்கொள்கிறவர்கள்தான் நெஞ்சு படபடத்து அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள். எடுத்த பிறகு கார்ச் சாவியைத் தொடுவதில்லை.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். அமெரிக்க நரம்பியல் அகாதமி 2014 இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. வாயால் எடுக்கும் கஞ்சாச் சாறு எம்.எஸ் நோயாளிகள் தாங்களாகச் சொல்லும் தசை இறுக்கத்தைக் குறைக்கிறது என்று சொன்னது. புகைப்பதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. ஆனால் டொக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்து 0 முதல் 4 வரை ஒரு எண் போடுவார் அல்லவா, அந்த எண் சில வார ஆய்வுகளில் பெரிதாக மாறவில்லை. என் கதையும் இதேதான். கட்டிலில் ஏற்றிக் காலை மடக்கினால் பழைய எண். வீட்டில் விடியும்வரை நித்திரை. எனக்கு முதலில் இது குழப்பமாக இருந்தது. எண் என்னிடம் நித்திரை கொண்டாயா என்று கேட்பதில்லை, டொக்டர் கேட்கிறார். அதனால்தான் கடிதத்தைப் புதுப்பிக்கிறார்.

இதை 'சர்வரோக நிவாரணி' ஆக்குகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம். என் தூரத்து உறவு மாமா ஒருவர், நோயைக் கட்டுப்படுத்தும் ஊசியை நிறுத்திவிட்டு எண்ணெயை மட்டும் குடி, மூலிகை கைவிடாது என்று விடாமல் தொலைபேசியில் சொல்வார். அந்த ஊசிதான் புதிய தாக்குதல்களைத் தடுக்கிறது. எண்ணெய்க்கு அந்த வேலை தெரியாது. மூலிகை என்றால் தீங்கில்லை என்பதும் சரியில்லை. சி.பி.டி ஈரலில் மற்ற மருந்துகளோடு மோதும். இரத்தத்தை இளக்க வார்பரின் எடுப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. குடும்பத்தில் மனநோய் வரலாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளவயதுப் பெடியள், இவர்களெல்லாம் தள்ளியே இருக்க வேண்டும். எனக்கே சில காலைகளில் தலை மந்தமாக இருக்கும், பேசும்போது சொல் அகப்படாது.

அம்மாவிடம் சொல்ல நாளெடுத்தது. 'என்ன தம்பி, கஞ்சாவே?' என்றா முதலில். அப்புறம் கொஞ்சம் யோசித்து, ஊரில் பரியாரியார் வயிற்றுக்கோளாறுக்குக் கொடுத்த லேகியத்திலும் அது இருந்ததாம் என்றா. இருந்திருக்கும். இலங்கையில் மதன மோதகம் போன்ற ஆயுர்வேத மருந்துகளில் இன்றைக்கும் சட்டப்படி சேர்க்கிறார்கள். அதற்குப் பிறகு அவ கேட்பதெல்லாம், 'இரவு எண்ணெய் குடிச்சிட்டியா?' என்பது மட்டும்தான். வந்தவர்கள் முன்னால் கேட்பாவே என்பதுதான் பிரச்சினை.

இதை வாசித்துவிட்டு வேறு நாட்டில் இருப்பவர்கள் தேடிப்போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் 1985 ஆம் ஆண்டுச் சட்டம் பூவையும் பிசினையும் தடைசெய்கிறது. தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராததால், உரிமம் பெற்ற ஆயுர்வேத நிறுவனங்கள் இலையிலிருந்து மருந்து செய்கின்றன. மருத்துவர் சீட்டோடு அதை வாங்குவது வேறு, தெருவில் பொட்டலம் வாங்குவது வேறு. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. அந்த நாட்டுக் குடிமக்களும் நிரந்தர வதிவாளர்களும் கனடாவுக்கு வந்து எடுத்தாலும் திரும்பியதும் குற்றம்தான்.

எனக்கும் இந்தத் தொல்லை உண்டு. டொக்டர் கடிதம் இருந்தாலும் கனடா எல்லையைத் தாண்டி ஒரு துளியும் கொண்டுபோக முடியாது, பக்கத்து அமெரிக்காவுக்கும்கூட. யாழ்ப்பாணம் போகிற போதெல்லாம் புறப்படுவதற்கு முன்பே டொக்டரிடம் கேட்டு, எண்ணெயைக் குறைத்து, பக்லோபெனைக் கூட்டிக்கொள்கிறேன். விமானத்தில் நடைபாதை ஓர இருக்கைக்குக் கூடுதல் காசு கட்டுகிறேன், எழும்பி நடக்க வசதியாக இருக்கும்.