சூரிய ஒளியிலேயே சரக்குக் கப்பலை ஓட்ட முடியுமா? துறைமுகங்களுக்கு அது பயன்படுமா?

பெரிய சரக்குக் கப்பலைச் சூரிய ஒளியை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. முதல் தடை இடப் பற்றாக்குறை.

2021இல் சூயஸ் கால்வாயை அடைத்து நின்ற ‘எவர் கிவன்’ கப்பலின் நீளம் 400 மீட்டர், அகலம் ஏறக்குறைய 59 மீட்டர். கன்டெய்னர்களை எல்லாம் இறக்கிவிட்டு, மேல்தளத்தில் ஓர் அங்குலம் விடாமல் சோலார் பேனல்களைப் பதித்தாலும் உச்சி வெயிலில் கிடைப்பது 5 மெகாவாட்டுக்கு உட்பட்டுதான். இரவையும் மேகமூட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் நாள் சராசரி 1 மெகாவாட்டை ஒட்டி வந்து நிற்கும். கப்பலின் இயந்திரத் திறனோ சுமார் 59 மெகாவாட்! கன்டெய்னர் இல்லாத கன்டெய்னர் கப்பலால் யாருக்கு என்ன லாபம்?

கார்களை ஏற்றிச் செல்லும் ஜப்பானியக் கப்பலான ‘ஆரிகா லீடர்’, 2008இல் 328 பேனல்களுடன் கடலுக்கு வந்தது. அவற்றின் மொத்தத் திறன் 40 கிலோவாட். கப்பலின் விளக்குகளுக்கு ஓரளவு உதவும். கப்பலைத் தள்ள அது ஒரு பொருட்டே அல்ல.

சிறிய, எடை குறைந்த படகுகளின் கதை வேறு. ‘பிளானட் சோலார்’ 2010இல் மொனாக்கோவிலிருந்து கிளம்பி, சூரிய ஒளியை மட்டுமே கொண்டு உலகைச் சுற்றி 2012இல் திரும்பியது. கேரளத்தின் ‘ஆதித்யா’ படகு 2017 முதல் பயணிகளை ஏற்றிச் செல்கிறது.

என்னைக் கேட்டால், இதற்கான பணம் முதலில் போக வேண்டிய இடம் துறைமுகம். கரையில் நிற்கும் கப்பலின் முதன்மை இயந்திரம் ஓய்ந்துவிடும். ஆனால் விளக்கு, பம்பு, குளிரூட்டப்பட்ட கன்டெய்னர்கள் ஆகியவற்றுக்காக டீசல் ஜெனரேட்டர்கள் இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் துறைமுகத் தொழிலாளர்களும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களும்தான். கப்பலுக்கும் கரைக்கும் இடையே தடித்த கேபிளை இணைத்து, கரையிலிருந்தே மின்சாரம் கொடுத்தால் ஜெனரேட்டரை நிறுத்திவிடலாம். 2030 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் முக்கியத் துறைமுகங்களில் கன்டெய்னர், பயணிகள் கப்பல்களுக்கு, சில விலக்குகளுடன், இது கட்டாயமாகிறது.

அந்த மின்சாரத்தில் ஒரு பங்கைத் துறைமுகமே தயாரிக்கலாம். கிடங்குகளின் கூரைகள் அகலமானவை, பெரும்பாலும் நிழல் விழாதவை. சிங்கப்பூரின் ஜூராங் துறைமுகம் தன் கிடங்குக் கூரைகளை இதற்குத்தான் பயன்படுத்துகிறது. மின்சார கிரேன்களும் கைகொடுக்கும்: கன்டெய்னரை இறக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பித் தரும்.

ஆனாலும் கூரை மின்சாரம் மட்டும் போதாது. இரவுக்குப் பேட்டரியோ பொது மின்தொகுப்போ வேண்டும். பல நாடுகளின் மின்சாரத்தின் அலைவெண் (நொடிக்கு எத்தனை அலைகள் என்ற கணக்கு) 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலான பெருங்கப்பல்களுக்குத் தேவை 60 ஹெர்ட்ஸ். ஆகவே அலைவெண் மாற்றி ஒன்றையும் கரையிலேயே நிறுவ வேண்டும். பேனல்களை வாங்கும்போதே அதற்கும் பணம் ஒதுக்கிவிடுவது நல்லது.