முதல் வருடத்துக்கு ஒரே ஒரு லென்ஸ்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியை நான். பல வருடங்களாக 35 மி.மீ. ஃபிலிமில் படம் எடுக்கிறேன். போன மாதம் 4×5 அங்குல மரக் கேமரா ஒன்று வாங்கினேன், லென்ஸ் இல்லாமல். நம் கோயில்களையும், கரும்புக் காட்டில் தனியாக நிற்கும் பழைய ஆலைப் புகைபோக்கிகளையும் எடுக்க ஆசை. 90, 150, 210 மி.மீ. லென்ஸ்கள் மூன்றும் இருந்தால்தான் தொடங்க முடியும் என்கிறார்கள். கோபுரத்துக்கு, அகலமாகப் பார்க்கும் 90 கட்டாயமாம். மூன்றுக்கும் என்னிடம் பணம் இல்லை. எதை முதலில் வாங்குவது? கூட என்னென்ன வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

150 வாங்குங்கள். அது மட்டும் போதும். மிச்சப் பணத்தை ட்ரைபாடில் போடுங்கள்.

35 மி.மீ. கேமராவில் உங்கள் 50 மி.மீ. லென்ஸ் பார்ப்பதைவிட இது கொஞ்சம் அகலமாகப் பார்க்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கண் ஏற்கெனவே பழகிய பார்வை. புதிதாகப் பழக வேண்டியது கேமராவின் அசைவுகள். கோபுரத்துக்கு 90 கட்டாயம் என்று சொன்னவர்கள் இந்த அசைவுகளை மறந்துவிட்டார்கள்.

சின்னக் கேமராவில் கோபுர உச்சி தெரிய வேண்டுமென்றால் கேமராவை அண்ணாந்து பிடிப்போம். கோபுரம் பின்னால் சாய்ந்துவிடும். இதில் அப்படிச் செய்ய வேண்டாம். கேமராவை நேராக நிறுத்தி, லென்ஸ் இருக்கும் முன்பலகையை மட்டும் மேலே ஏற்றினால் போதும். எவ்வளவு ஏற்றலாம் என்பதை, லென்ஸ் உள்ளே விழவைக்கும் ஒளிவட்டம் தீர்மானிக்கும். ஷ்னைடர் சிம்மார்-எஸ், ரோடன்ஸ்டாக் சிரோனார்-என், நிக்கோர்-டபிள்யூ, ஃபுஜினான்-டபிள்யூ ஆகிய நான்கிலும் 150 மி.மீ., எஃப் 5.6 லென்ஸ் பழையதாகக் கிடைக்கும். லென்ஸின் துவாரத்தை எஃப் 22-க்குச் சுருக்கினால் வட்டம் 210 மி.மீ. அளவுக்கு வரும். கேமராவை நெட்டாக வைத்தால் 33 மி.மீ. வரை ஏற்றலாம். 30 மீட்டர் தள்ளி நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 மீட்டர் உயரக் கோபுரம் கலசத்தோடு உள்ளே வந்துவிடும், கோடு கோணாமல். (உங்கள் கேமராவின் முன்பலகை அவ்வளவு ஏறுகிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.)

டெஸ்ஸார் வகை நாலு கண்ணாடி லென்ஸ்கள் இன்னும் மலிவு. நல்ல லென்ஸ்கள்தான், ஆனால் வட்டம் சின்னது. பலகையை ஏற்றிய உடனே மூலை கறுத்துவிடும். கோயில் எடுக்க ஆசைப்படும் உங்களுக்கு அது வேண்டாம்.

30 மீட்டர் தள்ளி நிற்க இடமில்லாத குறுகலான தெருவில் 90 தேவைதான். அடுத்த வருடம், அப்படிப்பட்ட தெருக்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரிந்த பிறகு வாங்குங்கள். வாங்கும்போது எஃப் 8 போதும். எஃப் 5.6 கிரவுண்ட் கிளாஸில் (கேமராவின் பின்னால் பிம்பம் விழும் தேய்த்த கண்ணாடி) வெளிச்சமாக இருக்கும், ஆனால் தோளில் கனக்கும். பெரியவர்களின் முகங்களை எடுக்கத் தோன்றினால் 210. மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தின் குடியேற்ற ஆவணங்களில், ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்களின் முகப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வராமல் போகாது.

பழைய லென்ஸ் வாங்கும்போது கண்ணாடியைவிட ஷட்டரைக் கவனியுங்கள். இந்தக் கேமராவில் ஷட்டர் லென்ஸோடுதான் வரும். பெரும்பாலும் கோப்பல் என்ற கம்பெனியின் ஷட்டராக இருக்கும், அதை இப்போது யாரும் செய்வதில்லை. ஒரு நொடி வேகத்தில் அது ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இழுத்து இழுத்து ஓடினால் விட்டுவிடுங்கள். 150-க்கு கோப்பல் 0 அளவு, அதை மாட்டும் லென்ஸ் பலகையின் துளை சுமார் 35 மி.மீ. விற்பவர் தரும் பலகை உங்கள் கேமராவுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

நம் தீவில் இன்னொரு எதிரி பூஞ்சை. ஒரு புயல் பருவம் முழுக்க என் 210-ஐ அழகான தோல் உறையில் மூடி வைத்திருந்தேன். மே மாதம் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், உள் கண்ணாடியில் வேர் விட்டதுபோல் வெள்ளை நூல்கள். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். தோல் உறை கூடவே கூடாது.

அடுத்தது ட்ரைபாட். கிரி கிரி கரையில் அலைத்தடுப்புப் பாறைத்திட்டு இல்லாத இடத்தில் நின்று எட்டு ஷீட் ஃபிலிம் எடுத்தேன். எட்டும் அசைந்திருந்தன. தென்கிழக்குக் காற்றில் கேமராவின் மடிப்புத் துருத்தியான பெல்லோஸ் பாய்மரமாகிவிடும். கனமான ட்ரைபாட், அதன் நடுவில் தொங்க ஒரு பை, காற்று வரும் பக்கம் குடை பிடிக்க ஓர் ஆள். ஃபிலிமும் வேகமானதாக இருக்கட்டும். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் 400-இல் நல்ல வெயிலுக்கு எஃப் 22-இலும் இருநூறில் ஒரு நொடி கிடைக்கும்.

கிளாஸைப் பார்க்கத் தலையில் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணியைக் கடையில் வாங்க வேண்டாம். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் வெள்ளை, இரண்டையும் சேர்த்துத் தைத்து மூலைகளில் கூழாங்கல் வைத்து முடிந்துகொள்ளுங்கள். வெறும் கறுப்பு நம் வெயிலில் தலையைச் சுட்டுவிடும். நாலு மடங்கு பெரிதாக்கும் லூப், கேபிள் ரிலீஸ், லைட் மீட்டர் (போனில் இருப்பதே முதலில் போதும்), ஃபிலிம் மாற்றும் பை. ஃபிலிம் வைக்கும் ஹோல்டர் ஐந்து, பக்கத்துக்கு ஒன்றாகப் பத்து ஷீட்.

ஹோல்டரில் ஃபிலிம் போடுவதை ஒரு வீணான ஷீட்டை வைத்து வெளிச்சத்தில் பழகி, பிறகு கண்ணை மூடிப் பழகுங்கள். ஷீட்டை நெட்டாகப் பிடித்து, ஓரத்து வெட்டுகள் மேலே வலது மூலையில் தட்டுப்பட்டால் மருந்துப்பக்கம் உங்களைப் பார்க்கிறது. ஹோல்டரை மூடும் தகடான டார்க் ஸ்லைடின் வெள்ளை விளிம்பு வெளியே இருந்தால் எடுக்காதது, கறுப்பு இருந்தால் எடுத்தது. இதை ஒருநாளும் மாற்றாதீர்கள்.

லென்ஸ் வந்ததும் ஃபிலிம் இல்லாமல் ஒன்று செய்து பாருங்கள். நம் ரூபாய் நோட்டு ஒன்றைச் சுவரில் ஒட்டி, லென்ஸிலிருந்து 45 செ.மீ. தூரத்தில் வையுங்கள். பெல்லோஸை 225 மி.மீ. வரை நீட்டுங்கள். நோட்டு பாதி அளவில் கிளாஸில் தெரியும். லென்ஸைவிட பெல்லோஸ் ஒன்றரை மடங்கு நீண்டுவிட்டதால் ஒன்றரையை ஒன்றரையால் பெருக்க வேண்டும்: வழக்கத்தைப்போல் 2.25 மடங்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும், ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். துணிக்குள் புகுந்து லூப்பை வைத்து, நோட்டில் இருக்கும் தமிழ் எழுத்தைத் தேடுங்கள். தலைகீழாக இருக்கும். அதன் விளிம்பு கூர்மையாக வரும்வரை திருகை நகர்த்துங்கள்.