ரெண்டாவது வீடு வாங்க எட்டு மாசமா அலையுறேன் அக்கா

கேள்வி: குளுகோர்ல ஒரு ஃபிளாட் வாங்கி யூஎஸ்எம் பல்கலைக்கழகத்துல படிக்கிற பசங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கேன், அதுக்கு லோன் ஓடுது. ரெண்டாவதா ஒண்ணு தேடி எட்டு மாசமாச்சு, எதுவும் அமையல. இப்ப பாயான் லெப்பாஸ்ல ஒரு கொண்டோ, விலை 400,000 ரிங்கிட், வாடகை 1,500 வருமாம். விட்டா போயிடும்னு ஏஜென்ட் அவசரப்படுத்துறாரு. முடிச்சிடவா?
- வாசகி, பினாங்கு

பதில்: வேணாம் தங்கச்சி, கொஞ்சம் பொறுங்க. 90 விழுக்காடு லோன், 35 வருஷம், வட்டி 4 விழுக்காடுன்னு வச்சா மாசம் 1,594 கட்டணும், மெயின்டனன்ஸ், சிங்கிங் ஃபண்ட் (பில்டிங்கோட பெரிய ரிப்பேருக்கு எல்லாரும் போடுற சேமிப்புப் பணம்) எல்லாம் ஒரு 250ன்னு வைங்க, அப்ப வாடகை ஒழுங்கா வந்தாலே மாசாமாசம் உங்க கையிலருந்து 344 போகுது, இதுல மதிப்பீட்டு வரி ரிப்பேர் எதையும் நான் சேர்க்கல. முன்பணம் 40,000, பேர் மாத்துற ஸ்டாம்ப் டியூட்டி 7,000, லோன் பத்திரத்துக்கு 1,800, லாயர் ஃபீஸ் தனி.

இன்னொண்ணு, 90 விழுக்காடு லோன் ரெண்டு வீட்டுக்குத்தான், ரெண்டு லோனும் ஓடும்போது மூணாவதுக்கு 70தான் குடுப்பாங்க. தப்பா வாங்கிட்டு 3 வருஷத்துக்குள்ள வித்தா, லாபம் வந்தாலும் அதுல 30 விழுக்காடு வரியா போயிடும்.

நான் கோலாலம்பூர் செத்தாப்பாக்ல ஒரு ஞாயித்துக்கெழம காலையில ஒரே தடவ பாத்துட்டு புக்கிங் பணம் குடுத்தவ. லிஃப்ட் பக்கத்துல மெயின்டனன்ஸ் பாக்கி வச்சவங்க யூனிட் நம்பர் ரெண்டு பக்கத்துக்கு ஒட்டியிருந்துச்சு, அத நின்னு படிக்கல. பாக்கி அவ்வளவு இருந்தா லிஃப்ட்ட எப்படி ரிப்பேர் பண்ணுவாங்க? ஏழு மாசம் வீடு காலியா கெடந்துச்சு, ராத்திரி தூக்கமே இல்ல.

அதனால நீங்க ராத்திரி 9 மணிக்கு அங்க போங்க, எத்தனை வீட்டுல லைட் எரியுது, கீழ தபால் பொட்டியில நோட்டீஸா பிதுங்கி நிக்குதா, மோட்டார் சைக்கிள் நிறுத்துற எடம் நெறஞ்சிருக்கான்னு பாருங்க, செக்யூரிட்டி கார்டுகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசுங்க. எட்டு மாசம் வீணா போச்சுன்னு மட்டும் நெனைக்காதீங்கம்மா, பாத்த வீட்டு விலையெல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க, எது நியாயமான விலைன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

என் கணக்குக்கு 1,500 வாடகை 310,000 வரைக்கும்தான் தாங்கும். அந்த விலைய ஏஜென்ட்கிட்ட சொல்லிப் பாருங்க, ஒத்து வரலன்னா விட்டுடுங்க. அதே பில்டிங்ல லேலாங் (ஏலத்துல விக்கிற வீடு) வருதான்னும் பாருங்க, ஆனா அதுக்கு 10 விழுக்காடு முன்னாடியே கட்டணும், வீட்டுக்குள்ள போய் பாக்கவும் பெரும்பாலும் விடமாட்டாங்க, பழைய மெயின்டனன்ஸ் பாக்கிய யாரு கட்டணும்னு லாயர்கிட்ட கேட்டுட்டு அப்பறமா போங்க.