ரஷ்யப் படங்களின் நீலம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொஞ்ச நாளாகப் பழைய ரஷ்யப் படங்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரஷ்யப் படம் என்றாலே பனி, சோகம், எங்கும் நீல ஒளி என்கிறார் என் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் மறுத்துப் பேசவும் தெரியவில்லை. ரஷ்ய சினிமாவில் நீலத்துக்கு என்ன இடம்? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

ச., மதுரை

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் சொல்லும் நீல ஒளியைக் குளிரைக் காட்டுவதற்காக இன்று எல்லா நாட்டுப் படங்களிலும் போடுகிறார்கள். ரஷ்யர்களின் நீலத்தைத் தேவாலயத்தில்தான் தேட வேண்டும். செர்கியேவ் பொசாத் மடாலயத்தில் பொன் நட்சத்திரங்கள் பதித்த நீலக் குவிமாடங்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே அது விண்ணுலகின் நிறம்.

சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன், ரஷ்ய மன்னர் (ஜார்) இவானைப் பற்றிய ‘இவான் தி டெரிபிள்’ படத்தின் இரண்டாம் பாகத்தைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். பிற்பகுதியில் வரும் விருந்துக் காட்சிக்கும் இறுதிக் காட்சிக்கும் மட்டும் ஜெர்மனியிலிருந்து கிடைத்த வண்ணப் படச்சுருள். சிவப்பும் பொன்னும் கறுப்பும் சுழன்றாடும் அந்த விருந்தில், ஜாருக்குப் பதிலாகக் கொல்லப்படுவதற்காக அவர் உடையை மாட்டிவிடப்பட்ட உறவினர், அப்பாவி விளாதிமிருக்கு ஏதோ தப்பு என்று உறைக்கும்போது முகத்தில் நீலம் படர்கிறது. விண்ணின் நிறம் சாவின் நிறமாகிவிடுகிறது. 1946இல் தடைசெய்யப்பட்ட படம் 1958இல்தான் வெளிவந்தது. அதைப் பார்க்க ஐசன்ஸ்டைன் உயிரோடு இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறுவதில்லை.

என் மனதுக்கு நெருக்கமானது இன்னொரு சோவியத் இயக்குநரான தர்க்கோவ்ஸ்கியின் ‘ஆந்திரேய் ருப்ளேவ்’. 1966இல் முடிந்தது, சோவியத் நாட்டில் திரைக்கு வர 1971 ஆனது. பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியத் துறவி ஒருவரின் கதை, ஆனால் அவர் ஐகான் (தேவாலய வழிபாட்டு ஓவியம்) வரைவதை ஓரிடத்திலும் காட்டுவதில்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் கறுப்பு வெள்ளையில் சேறு, தாத்தார் படையெடுப்பு, கொலை, பசி. ஒரு காட்சியில் வெள்ளைச் சுவரில் ருப்ளேவ் கறுப்புச் சாயத்தை அள்ளி அப்புகிறார், அவ்வளவுதான். கடைசியில் அணைந்துகொண்டிருக்கும் கரிக்கங்குகள் திரையில் மெல்ல நிறம் கொள்கின்றன. அப்புறம் ருப்ளேவின் ஓவியங்கள். கேமரா முழு ஓவியத்தையும் உடனே காட்டிவிடாது. விரிசல் விட்ட சாயம், ஒரு கை, ஒரு மடிப்பு என்று மிக அருகில் ஊர்ந்து செல்லும். ‘திரித்துவம்’ ஓவியத்தில் மூன்று தேவதூதர்களின் உடையிலும் நீலம் இருக்கிறது. நடுவில் இருப்பவரின் மேலங்கியில்தான் அது உச்சம்.

அந்த நீலத்தை ரஷ்யர்களே பல நூற்றாண்டுகள் பார்த்ததில்லை. கறுத்துப்போன எண்ணெய்ப் பூச்சும், பிற்காலத்தவர் மேலே வரைந்த படலங்களும், உலோக உறையும் ஓவியத்தை மூடியிருந்தன. 1904இல் சுத்தம் செய்யத் தொடங்கிய பிறகே அடியில் இருந்த நிறம் வெளியே தெரிந்தது. தர்க்கோவ்ஸ்கி அந்தக் காத்திருப்பையே நமக்கும் தருகிறார் என்று நான் நம்புகிறேன். இத்தனை கொடுமைக்கு நடுவே வாழ்ந்தவன் இப்படி ஒரு நீலத்தைத் தீட்டினானா என்று கண் கலங்கிவிடும்.

எனவே ருப்ளேவிலிருந்து தொடங்குங்கள். அந்த வண்ணப் பகுதி இணையத்தில் துண்டாகக் கிடைக்கும், அதை மட்டும் பார்த்துவிடாதீர்கள். முடிந்தால் புதுப்பித்த பிரதியைப் பெரிய திரையில், ஒரே மூச்சில் பாருங்கள். நண்பரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.