தேயிலைச் சரிவில் பழகிய கால் பனிச்சறுக்குக்குப் போதுமா?

கேள்வி: பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் முதன்முறையாகப் பனிச்சறுக்கு கற்கப்போகிறேன். மலையில் நடந்து பழகிய கால் போதுமா? ஊட்டிக் குளிருக்குப் போடுவதுபோல இரண்டு சாக்ஸ் போடலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டு சாக்ஸ் வேண்டவே வேண்டாம். மடிப்பு விழுந்து ரத்த ஓட்டம் தடைபட்டு, கால் இன்னும் விறைக்கும். முழங்கால் வரை வரும் மெல்லிய கம்பளிச் சாக்ஸ் ஒன்று போதும். பூட்ஸ் மாட்டியதும் முழங்காலை மடக்கிப் பாருங்கள், குதிகால் எழக்கூடாது. வாடகைக் கடையில் எடை கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். விழுந்தால் பூட்ஸிலிருந்து சறுக்குப் பலகை கழல வேண்டும்; அதைப் பிடித்திருக்கும் கொக்கியின் இறுக்கத்தை எடையையும் வைத்துத்தான் அமைப்பார்கள். கூட்டிச் சொன்னால் பலகை கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும்.

உயரம் உங்களுக்குப் பெரிய சிரமம் தராது. குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர், நம் தொட்டபெட்டா உச்சி அளவுதான். சிக்கல் வேறு இடத்தில். தேயிலைச் சரிவில் இறங்கும்போது உடம்பைப் பின்னால் சாய்ப்போமே, பனியில் அப்படிச் சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பிடியிழந்து திரும்ப மறுக்கும். முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்தியபடியே இருக்கட்டும். வேகம் குறைக்க, பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை விரியுங்கள்.

இயந்திரம் சமன்செய்த தடம் காலையில் இறுகி, வரிவரியாக இருக்கும். வெயிலேறினால் பனி குழைந்து மேடுபள்ளமாகும். களைத்த கால் அங்கேதான் சிக்கும். ஆகவே மதியத்துக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். தடத்தில் உங்களுக்குக் கீழே போகிறவருக்கே முன்னுரிமை. விலகிப் போவது மேலிருந்து வரும் உங்கள் பொறுப்பு.