மேடை ஒளியமைப்பு: கேட்டவையும் சொன்னவையும்

சென்னையில் 18 வருடமாக நாடகத்துக்கும் நடனத்துக்கும் ஒளியமைப்பு செய்கிறேன். மார்கழி தொடங்கிவிட்டால் தலை நிமிர முடியாது என்பதால் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, ஷோ அன்றைக்கு உங்கள் நாள் எப்படிப் போகும்?

காலை 9 மணிக்கு அரங்கு நம் கையில் என்பார்கள். சாவி வைத்திருப்பவர் டீ குடித்துவிட்டு வரப் பத்தாகும். விளக்குகளை இறக்கி, பைப்பில் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புச் சங்கிலி போட்டு, வயர் இழுத்து முடிக்க மதியம் ஆகிவிடும். அப்புறம்தான் ஃபோகஸ், அதாவது ஒவ்வொரு விளக்கையும் அதற்குரிய இடத்தை நோக்கித் திருப்பி நிறுத்துவது. நடிகர் நிற்கப்போகும் இடத்தில் நான் போய் நின்று, விளக்குக்கு முதுகைக் காட்டி, தரையில் விழும் என் தலையின் நிழலைப் பார்ப்பேன். ஒளி வட்டத்தின் நடுவில் அது விழுந்தால் "டைட் பண்ணு" என்று ஏணியில் இருக்கும் பையனிடம் சொல்வேன். 40 விளக்கு என்றால் 40 தடவை. இதற்கு அரங்கு இருட்டாக இருக்க வேண்டும். சரியாக அந்த நேரம்தான் பூ அலங்காரம் செய்பவர்கள் வந்து, "மேடம், லைட்டைப் போடுங்க, நார் தெரியல" என்பார்கள். பாதி நாள் இந்தப் பஞ்சாயத்திலேயே போய்விடும்.

ஆனால் உண்மையான வேலை முந்தைய வாரங்களில், ஒத்திகையில் நோட்டுடன் உட்கார்ந்திருப்பது. யார் எங்கே நிற்கிறார், எங்கே திரும்புகிறார் என்று தெரியாமல், விளக்குகளை இயக்கும் கன்சோல் முன்னால் உட்கார்ந்து பயனில்லை.

மகளுக்கு அரங்கேற்றம். பச்சைப் பட்டு எடுக்கலாம் என்றிருக்கிறோம். லைட்டுக்கு ஏற்ற நிறம் என்று ஏதாவது உண்டா?

பச்சை தாராளமாக எடுங்கள், எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடர் சிவப்பு ஒளியில் பச்சைத் துணி கருத்துப்போகும். திருப்பி அனுப்ப அந்த ஒளியில் பச்சையே இல்லை. தையற்காரரிடம் மிச்சமாகும் துண்டை வாங்கி அனுப்பினால் போதும், அதை விளக்கில் காட்டிப் பார்த்துவிடுவேன். இன்னொன்று, பலரும் யோசிக்காதது: கையில் பூசும் சிவப்புச் சாயமான அல்தா. சிவப்பு ஒளியில் தோலும் அல்தாவும் ஒரே மாதிரி வெளிறித் தெரியும், முத்திரை எடுபடாது. "தேவி வரும் இடத்தில் முழுக்கச் சிவப்பு போடுங்க" என்று குரு கேட்டால், பின்னால் இருந்து சிவப்பு, முன்னால் இளமஞ்சள் என்று சமாளிப்பேன். அபிநயத்தில் கண் தெரிய வேண்டும், முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியின் வடிவம் பக்கவாட்டு ஒளியில்தான் எடுக்கும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

கல்லூரி நாடகம், எங்களிடம் ஆறே பார் கேன் (டப்பா வடிவ மேடை விளக்கு). என்ன செய்வது?

முதலில் எலக்ட்ரீஷியனைப் பாருங்கள். 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 15 ஆம்பியர் இணைப்பில் மூன்று தாங்கும், நான்காவது போட்டால் ட்ரிப் ஆகும், அதுவும் உச்சக் காட்சியில்தான் ஆகும். ஆகவே ஆறையும் இரண்டு தனி இணைப்புகளில் பிரியுங்கள்.

1932இல் அமெரிக்காவின் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் எழுதிவைத்த முறை இன்றும் உதவும்: ஒரு இடத்துக்கு முன்னால் இருபுறமிருந்தும் 45 டிகிரி கோணத்தில் இரண்டு விளக்கு, ஒன்று வெதுவெதுப்பான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு மூன்று இடம் கிடைக்கும். நான் என்றால் இரண்டு இடத்தோடு நிறுத்தி, மிச்ச இரண்டையும் பின்னால் வைப்பேன். மேடை முழுவதும் தெரிந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இயக்குநர் சண்டை போடுவார், போடட்டும்.

கை சுட்டுக்கொண்டதுண்டா?

உண்டு. ஹாலஜன் பல்பை வெறும் கையால் தொடாதீர்கள், அணைந்திருந்தாலும். விரலில் இருக்கும் எண்ணெய் ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

எல்இடி வந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டதா?

முதுகுக்குச் சுலபம். ஜெல் என்ற நிறத்தாளை வெட்டி மாட்ட வேண்டியதில்லை, சூடும் குறைவு. ஆனால் பழைய விளக்கைக் குறைக்கக் குறைக்க அதுவே சிவந்து, பொழுது சாய்வதுபோல் அணையும். மலிவான எல்இடி படியில் தடுக்கித் தடுக்கி இறங்கி, கடைசியில் பட்டென்று போகும். சோகக் காட்சியில் அந்தப் "பட்" எனக்கு மட்டும் கேட்கும்.

வருமானம்?

விளக்கு வாடகை வேறு, வடிவமைப்புக் கட்டணம் வேறு. இரண்டையும் ஒரே பில்லில் எழுதினால் இரண்டாவதுதான் முதலில் வெட்டப்படும். ஒரு முறை மூன்று ஒத்திகை பார்த்து வரைபடமும் கொடுத்த பிறகு நிகழ்ச்சி ரத்தானது. "லைட்டே போடலையே, எதுக்குப் பணம்?" என்றார் அமைப்பாளர். அன்றிலிருந்து பாதி முன்பணம் வாங்காமல் நோட்டைத் திறப்பதில்லை.

நம் நாட்டில் யாருடைய வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

தபஸ் சென். 1959இல் கொல்கத்தா மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை ஒளியாலேயே காட்டியவர். அன்று கணினி கன்சோல் ஏது!

மறக்க முடியாத ஷோ?

ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சியில், வர்ணம் என்ற நீண்ட உருப்படியின் நடுவில் கரண்ட் போனது. மைக்கும் செத்தது. மேடை ஓரத்தில் குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லும் நட்டுவாங்கம் நிற்கவில்லை, அந்தப் பெண் ஆடியபடியே விளக்குப் பக்கம் நகர்ந்து வந்துவிட்டாள். ஜெனரேட்டர் வந்த பிறகும் என் கன்சோல் எழுந்திருக்க இரண்டு நிமிடம் எடுத்தது. மறு வாரமே யுபிஎஸ் வாங்கினேன்.