ஹெலிகாப்டர் இரைச்சலும் காதும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2009இல் ஐ.என்.எஸ். பருந்து எனப் பெயர் பெற்ற உச்சிப்புளிக் கடற்படை விமானதளத்தின் அருகில் வாழ்பவர்களுக்கு ஹெலிகாப்டர் ஒலி புதிதல்ல. ஆனால் ஹெலிகாப்டரின் உள்ளே அமர்ந்திருப்பவர்களின் காதுகளைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை.

என் கணவர் ஹெலிகாப்டரில் பறக்கும் பணியில் இருக்கிறார். பறந்துவிட்டு வரும் இரவுகளில் காதுக்குள் 'கொய்ங்' என்று கேட்பதாகச் சொல்கிறார், காலையில் நின்றுவிடுகிறது. கவலைப்பட வேண்டுமா? (வாசகி, உச்சிப்புளி)

ஆம், கவலைப்பட வேண்டும். ஒலி நின்றுவிட்டதால் காதுக்குச் சேதம் ஏதும் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. சுழலி, என்ஜின், தலைக்கு மேலுள்ள பற்சக்கரப் பெட்டி ஆகியவை சேர்ந்து எழுப்பும் இரைச்சல் பல ஹெலிகாப்டர்களில் 90 டெசிபலைத் தாண்டுகிறது. பாதுகாப்பற்ற காது 85 டெசிபலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைவதால், 100 டெசிபலில் 15 நிமிடமே மிஞ்சுகிறது. உட்செவியின் நுண்மயிர் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இழப்பு பெரும்பாலும் உயர்ந்த சுருதியான 4,000 ஹெர்ட்ஸ் அருகே தொடங்குவதால், சாதாரண உரையாடலில் நெடுநாள் தெரியாமலே இருந்துவிடும். குறைந்தது 14 மணி நேரம் இரைச்சலின்றி இருந்தபின் செவித்திறன் பரிசோதனை செய்து, பணியில் சேர்ந்தபோது எடுத்த பதிவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கண்ணாடி அணிபவராயின், அதன் காம்பு ஹெல்மெட்டின் காதுமூடியில் இடைவெளி உண்டாக்குகிறதா என்பதையும் அவர் கவனிக்கட்டும்.

ஹெல்மெட்டுக்குள் காதில் நுரைப்பஞ்சு அடைப்பானும் வைத்தால் இன்டர்காம் பேச்சு கேட்காமல் போகாதா? (பயிற்சி மாணவர், இராமநாதபுரம்)

பலரும் இப்படித்தான் அஞ்சுகிறார்கள். அடைப்பான் பேச்சையும் இரைச்சலையும் ஒருசேரத் தணிப்பதால், திணறாத காது சொற்களை இன்னும் தெளிவாகவே பிரித்தறிகிறது. அடைப்பான் இல்லாதவர் இன்டர்காம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போக, அந்தக் குரலும் காதைத் தாக்கும் சுமையாகிறது. இரண்டு காப்புகளின் அளவுகளும் அப்படியே கூடிவிடுவதில்லை, பெரும்பாலும் 5 முதல் 10 டெசிபல்தான் கூடுதலாகக் கிடைக்கும். அதுவே பெரும் பயன். ஏற்கெனவே செவித்திறன் குறைந்தவருக்கு மட்டும், சிறு ஒலிபெருக்கி பொருத்திய அடைப்பானே ஏற்றது. இரைச்சலுக்கு நேர்மாறான ஒலியலையை எழுப்பி அதைக் குறைக்கும் மின்னணு ஹெட்செட் தாழ்ந்த உறுமலைக் குறைக்குமே தவிர, பற்சக்கரங்களின் கீச்சொலியை அதிகம் குறைக்காது.

விமானிகள் வானொலித் தொடர்பில் பேசும்போது எண்களை ஏன் விசித்திரமாக உச்சரிக்கிறார்கள்? (மாணவி, மண்டபம்)

இரைச்சலில் மெய்யொலிகளே முதலில் மங்குகின்றன. அதனால் 'ஃபைவ்', 'நைன்' இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும் என்பதற்காக, அவற்றை 'ஃபைஃப்', 'நைனர்' என்று சொல்வது பன்னாட்டு மரபு. கேட்டவர் முக்கியமான எண்களைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவதும் இதற்காகவே.

விசைப்படகு டீசல் என்ஜின் அருகில் நிற்கும் எங்களுக்கும் இது பொருந்துமா? (மீனவர், பாம்பன்)

முழுமையாகப் பொருந்தும். ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே காதுக்குக் காப்பு தேவை.